திரும்பி நடக்காதவர்களுக்கு ஒரு புத்தகக் கடை

மலேசியாவில், கிள்ளானில் தமிழ்ப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் முதலில் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அடுத்து, "பஞ்சாங்கம் வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்காது. பஞ்சாங்கம் விற்கிறேன், பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி நூல்கள் விற்கிறேன், அந்த வருமானத்தில் நாவலும் கவிதையும் வாங்கி அடுக்குகிறேன். அவற்றில் பாதிக்கு என்னோடு சேர்ந்து அலமாரியிலேயே வயதாகிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் காலையில் கடைக் கதவைத் தூக்கும்போது எனக்கு ஒரு திமிர் வரும். அந்தத் திமிரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

திருவண்ணாமலை மலர்விழிக்கும் அதே திமிர் உண்டு என்பது தொலைபேசியிலேயே தெரிந்துவிட்டது. பல வருடமாக எனக்குப் புத்தகம் அனுப்புகிறவள் அவள். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற பக்கம், சின்னதாக ஒரு கடை. நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இந்த முறை புகைப்படத்தை நம்பாமல் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்குவது என்று நானே கிளம்பினேன். கிளம்புகிற வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, கடை இருக்கிற கட்டடத்தை இடிச்சு லாட்ஜ் கட்டப் போறாங்க. பௌர்ணமிக்கு வந்துடுங்க. கடையைப் பாக்க முடியுதோ இல்லையோ, என்னையாவது பாக்கலாம்."

பௌர்ணமிக்கு முதல் நாள் போய் இறங்கினேன். பேருந்தை விட்டு இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் என் சக்கரப் பெட்டியையும் தொப்பியையும் பார்த்தார். நான் வாயைத் திறந்ததும் என் மலேசியத் தமிழையும் கேட்டார். அவ்வளவுதான், நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று அவரே முடிவு செய்துவிட்டார். "வேங்கிக்கால் போகணும்" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை. "ஆசிரமம்தானே மேடம்? மொதல்ல ரூமைப் போட்டுடுங்க. நாளைக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று செங்கம் சாலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். என் நன்மைக்குத்தான் செய்தாராம்.

இறங்கிய இடத்தில் இருந்த காபிக் கடையில் உட்கார்ந்து மலர்விழிக்குத் தகவல் சொன்னேன். காபி வந்தது. நுரையின் மேல் ஓர் இலை வரைந்திருந்தார்கள். எங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையில் தே தாரேக் என்கிற பால் தேநீரைக் கையுயரத்துக்கு இழுத்து ஆற்றித் தருகிற வித்தைக்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மாதக்கணக்கில் முயன்று நேற்றுதான் என் மனம் முழுசாக அமைதியானது. இன்று காலை வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார்." தோழி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். வாடகை விஷயத்தில் ஞானிகளும் புத்தகக் கடைக்காரர்களும் ஒரே கட்சிதான் போலிருக்கிறது.

மலர்விழி ஸ்கூட்டரில் வந்தாள். காலடியில் ஒரு புத்தகக் கட்டு, பின்சீட்டில் இன்னொன்று. நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். "பின்னாடி உக்காந்து கட்டை மடியில வெச்சிக்கங்க. பெட்டி தனியா ஆட்டோவுல வரட்டும்" என்றாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிட வேகம். லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே அவள் நுழைந்து நுழைந்து போனபோது, மடியிலிருந்த கட்டை நான் பிடித்திருந்தேனா, அது என்னைப் பிடித்திருந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

வேங்கிக்கால் கடையின் முன்வரிசை முழுக்க அரசுத் தேர்வு வழிகாட்டிகள். கிராமத்திலிருந்து படித்து வருகிற பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் கதை, கவிதை, வரலாறு, மொழிபெயர்ப்பு. எல்லாம் தூசி தட்டி, முதுகு வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தாள். "முன்னாடி இருக்கிறது என் சோறு, பின்னாடி இருக்கிறது நான்" என்றாள். எனக்கு அவளை அந்த நிமிடமே ரொம்பப் பிடித்துப்போனது.

அப்போது ஓர் இளைஞன் வந்தான். உள்வரிசையில் ஒரு நாவலை எடுத்து, நின்றபடியே கொஞ்ச நேரம் படித்தான். பிறகு கைபேசியில் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, "ஆன்லைன்ல கம்மியா வருதுக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கடையாக இருந்தால் அவனை வாசல் வரை விரட்டியிருப்பேன். மலர்விழி புத்தகத்தைப் பழைய இடத்தில் நேராக வைத்தாள்.

"படம் எடுக்கறதுக்காச்சும் ஒரு கடை வேணும்ல அக்கா? இதுவும் போயிட்டா எதைப் பாத்து எடுப்பான்?"

அவள் சிரித்தாள். ஆனால் 'இதுவும் போயிட்டா' என்று சொன்ன இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியதைக் கவனித்தேன். டவுனில் வேறு இடம் தேடி அலைந்திருக்கிறாள். புத்தகம் என்று சொன்னதும் வீட்டுக்காரர்கள் யோசிக்கிறார்களாம். மாதா மாதம் வாடகை வருமா என்ற சந்தேகம். மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம்தான். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், அவளுடைய அண்ணன் குமரேசன் புதிதாக ஷட்டர் போட்டுக் கட்டியிருந்த அறை.

அன்று சாயங்காலம் குமரேசன் வீட்டில்தான் சாப்பாடு. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, குமரேசனின் சொந்த நிலத்தில் விளைந்தது. களியை மென்று பார்த்த என்னை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அதை மெல்லக் கூடாதாம், உருட்டி அப்படியே விழுங்க வேண்டுமாம். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்கை எப்படிச் சாப்பிடுவது என்று இவர்களுக்கு ஒரு நாள் சொல்லித்தராமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

குமரேசன் நல்ல மனிதர். நேராகப் பேசினார். "நான் ஒண்ணும் வில்லன் இல்லீங்க. இந்த ஷட்டரு நான் போட்டதே பௌர்ணமி வியாபாரத்துக்குத்தான். டிபன் கடைக்காரர் ஒருத்தரு கேட்டுக்கினே இருக்காரு. மலரு இன்னாடான்னா புத்தகம் வெக்கிறேன்னுது. நடக்கறவன் கால் வலியோட நடக்கறான். அவனுக்குத் தண்ணி வேணும், சூடா எதனா வேணும். புத்தகம் எதுக்குங்க?"

"எல்லாரும் வயித்தோட மட்டும் நடக்கலையே அண்ணா" என்றாள் மலர்விழி.

"சரி, இந்த ஒரு பௌர்ணமி பாரு. ஜனங்க நின்னா ஷட்டரு உனக்கு. நிக்கலன்னா அவருக்கு. அப்புறம் என்னைக் கொற சொல்லக் கூடாது."

"நின்னா போதுமா, வாங்கணுமா?"

"மொதல்ல நிக்கட்டும்!"

அந்த மாதம் பௌர்ணமி இரண்டு சாயங்காலங்களில் பரவி வந்தது. நான் வந்த மறுநாள்தான் அதில் முதல் சாயங்காலம்; மத்தியானமே வேங்கிக்கால் கடையின் உள்வரிசைப் புத்தகங்களை ஷட்டரில் கொண்டுவந்து இறக்கி வேலையை ஆரம்பித்தோம். நான் எங்கள் நாட்டுப் பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் கடை போட்டவள். அந்தப் பெருமை எனக்கு ஜாஸ்தி என்பதால் மலர்விழியை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. ஷட்டருக்கு மேலே பெரிய பேனர் கட்டச் சொன்னேன். வாசலில் மேசை போட்டு, பளிச்சென்ற அட்டைகளை முன்னால் அடுக்கினேன். சீரியல் விளக்கு மாட்டினேன். நாலைந்து அடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கை தட்டத் தோன்றியது.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வர ஆரம்பித்தது. வெறுங்கால்கள், வெறுங்கால்கள், முடிவே இல்லாமல் வெறுங்கால்கள். தெலுங்கு பேசிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வேலூர், சென்னைப் பக்கத்து ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். காதில் கம்பியில்லாக் கருவியை மாட்டிக்கொண்டு, வேகமாக நடந்த ஐ.டி. பிள்ளைகளும் இருந்தார்கள். பாதையோரத்தில் மூலிகை சூப், பன்னீர் சோடா, மிளகாய் பஜ்ஜி, சுண்டல் என்று எல்லாக் கடையிலும் ஆள். எங்கள் கடையில் மட்டும் காற்று.

பார்க்காமல் போனார்கள் என்று சொல்ல முடியாது. பேனரை நிமிர்ந்து பார்த்தார்கள், சிலர் முகம் மலர்ந்தது, ஒருவர் விரலால் சுட்டிக்கூடக் காட்டினார். ஆனால் யாருடைய காலும் நிற்கவில்லை. நான் இன்னும் பளிச்சென்ற அட்டைகளைத் தேடி அடுக்கினேன். மலர்விழி புத்தகங்களை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். பெரிய கூட்டத்துக்கு நடுவே யாரும் வராத கடையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. அவள் பக்கம் திரும்ப எனக்கே தைரியம் வரவில்லை.

குமரேசன் எதிர்ப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எழுந்து வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பஜ்ஜி வாசனை நாலு வீடு முன்னாடியே போயி ஆளைக் கூப்புட்டுக்கினு வந்துடுது. புத்தகத்துக்கு வாசனை கம்மிங்க. தப்பா நெனைக்காதீங்க."

அப்போதுதான் ஓர் அம்மா கூப்பிட்டார். பச்சைச் சேலை கட்டிய நடுவயதுக்காரர், வேலூரிலிருந்து வந்தவராம். கடையைத் தாண்டிப் போய், சாலையின் இடது ஓரத்தில் நின்றுகொண்டு, கழுத்தை மட்டும் பின்னால் திருப்பிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்த மஞ்ச அட்டை கதைப் புத்தகத்தை எடுத்துக்கினு இங்க வாயேன்!"

"நீங்க வாங்கம்மா, இன்னும் நிறைய இருக்கு!" என்று நான் கத்தினேன்.

"நான் எப்படிம்மா வருவேன்? கிரிவலத்துல வந்த வழி திரும்பி நடக்கலாமா? தாண்டிட்டேனே!"

மலர்விழி தன் நெற்றியில் தானே ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டாள். மஞ்சள் அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து, மேசை விளிம்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"பொறந்ததுலேர்ந்து இந்தப் பாதையில நடக்கறேன் அக்கா. எனக்கு உறைக்கவே இல்ல பாருங்க!"

விஷயம் இதுதான். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடப்பது கிரிவலம். மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்கள் நடக்கிற வழி என்று, பழக்கப்பட்டவர்கள் இடது ஓரமாகவே போவார்கள். எங்கள் ஷட்டர் வலப்பக்கம். பேனரோ நடந்து வருகிறவர்களைப் பார்க்காமல் சாலையைப் பார்த்திருந்தது; கடைக்கு நேரே வந்தால்தான் படிக்க முடியும். அதைப் படித்து, புத்தகம் என்று புரிந்து, வாங்கலாமா என்று நினைத்து முடிப்பதற்குள் கால் கடையைத் தாண்டியிருக்கும். தாண்டிய கால் திரும்பாது. அந்த ஊர்க்காரர்களுக்கு இது மூச்சு விடுவது போன்ற பழக்கம். அதனால்தான் அண்ணன் தங்கை இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கோ பத்துமலைப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது. பத்துமலையில் படியேறியவர்கள் எல்லாரும் அதே வழியாகத்தானே இறங்கி வருவார்கள்!

மறுநாள் காலை மலர்விழி சார்ட் தாள்களை வாங்கி வந்து தரையில் விரித்திருந்தாள். வாசனை முன்னால் போக வேண்டும் என்றால் கதையை முன்னால் அனுப்ப வேண்டியதுதான் என்றாள். மஞ்சள் அட்டைத் தொகுப்பின் முதல் கதையை, பெரிய எழுத்தில், ஒரு தாளுக்குச் சில வரிகளாக எழுதி, கடைக்கு ரொம்ப முன்னாலிருந்து இடது ஓர வேலிகளில் வரிசையாக மாட்டுவது அவள் திட்டம். நடந்துகொண்டே படித்து வருவார்கள். கதை பாதியில் நிற்கிற இடத்தில் கடை தெரிய வேண்டும். எழுதியவர் செங்கம் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். போன் செய்து அனுமதி கேட்டோம். "என் கதையைச் சுவத்துல ஒட்டுறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுச் சரி என்றார்.

கதை இப்படி ஆரம்பிக்கும்: நிச்சயதார்த்தத்துக்கு ஊரே வந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. அவனுடைய செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

எங்கே நிறுத்துவது என்பதில் எனக்கும் மலர்விழிக்கும் சண்டை வந்தது. பெண்ணின் அப்பா கோபப்படுகிற இடத்தில் நிறுத்தலாம் என்றேன் நான். பெண் அழுகிற இடம் என்றாள் அவள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த குமரேசன் திரும்பாமலே சொன்னார்: "அங்கெல்லாம் நிறுத்தாதீங்க. பொண்ணு அந்தச் செருப்பை எடுத்து, இது அவரு செருப்பு இல்லன்னுதே, அங்க வெட்டுங்க. அதுக்கு மேல ஒரு வரி எழுதுனாலும் வேஸ்ட்டு."

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தூக்கம் வரல, எடுத்துப் பாத்தேன். இன்னா இப்போ?" என்றார்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு அண்ணன் புத்தகத்தைத் தொட்டதே இல்லை என்று மலர்விழி என் காதில் கிசுகிசுத்தாள். அவர் சொன்ன இடத்திலேயே வெட்டினோம். கடைசித் தாளில், 'அப்படியானால் அது யாருடைய செருப்பு? முன்னால், வலப்பக்கம், புத்தகக் கடை' என்று எழுதினாள். வேலிகளில் மாட்ட அக்கம்பக்கத்தில் இடம் கேட்டுக் கொடுத்ததும் குமரேசன்தான். அதற்குள் ஒரு குரங்கு நடுவிலிருந்த ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மறுபடி எழுதத் தாள் இல்லை. போனால் போகிறது என்று விட்டுவிட்டோம்.

சாயங்காலம் நான் கடையில் நிற்கவில்லை. முதல் தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். என்னால் நிலைகொள்ள முடியவில்லை. முதலில் வந்த சிலர் பார்க்காமலே போனார்கள்.  பிறகு ஒரு கணவன் மனைவி. மனைவி நடந்தபடி முதல் தாளை வாய்விட்டுப் படித்தாள். கணவன் இரண்டாவது தாளை அவளுக்கு முன்னால் எட்டிப்போய்ப் படித்தான். அவர்கள் குரலைக் கேட்டுப் பின்னால் வந்தவர்களும் தலையைத் திருப்பினார்கள். வெறுங்காலோடு நடக்கிற அத்தனை பேரும் ஒரு செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தார்கள்.

ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தது. அவர் ஒவ்வொரு தாளையும் படித்துத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனார், நானும் அவர்களோடு நடந்தேன். கடைசித் தாள் வந்ததும் அவருடைய கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டதை, பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "அப்புறம்? எங்களை இப்படி விட்டுவிட்டு மேலே நடப்பீர்களா?" படித்துச் சொன்னவர் பாதையைக் குறுக்காகக் கடந்து வலப்பக்கம் போய்ப் புத்தகத்தை வாங்கினார். ஊர் போய்ச் சேரும்வரை பேருந்தில் இவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.  புத்தகம் விற்கிற தொழிலில் இருக்கிறேன் என்று அந்தப் பாதையில் போகிற ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்திச் சொல்லலாம் போலிருந்தது.

நான் கடைக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே நுழைய இடமில்லை. குரங்கு கிழித்த தாளில் என்ன இருந்தது என்று கேட்கவே ஒரு கூட்டம் நின்றது. மஞ்சள் அட்டை தீரத் தீர, மலர்விழி ஒவ்வொருவரிடமும் என்ன மாதிரி கதை பிடிக்கும் என்று கேட்டு, வேறு வேறு புத்தகங்களைக் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்வரிசையில் தூசி தட்டித் தட்டி வைத்திருந்தவை எல்லாம் ஒன்றொன்றாக வெளியே போயின. கையில் வாங்கியவர்கள் திரும்பாமல் முன்னோக்கி நடந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் குமரேசனை ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். "நீங்க இந்த ஊருதானே? மாப்ள இன்னாதான் ஆனான், சொல்லுங்க, நான் நடக்கணும்."

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்க. ஒரு எட்டு அந்தாண்ட போயி வாங்கிப் படிங்க" என்றார் குமரேசன், கறாராக.

அந்த நேரம் பார்த்து டிபன் கடைக்காரர் வந்தார். மொபெட்டை வேலியோரம் நிறுத்திவிட்டு, கையில் அளவு நாடாவோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அடுப்பு எங்கே வைப்பது, கல்லா எங்கே வைப்பது என்று அவர் கண் அறையை அளந்தது. மலர்விழி அவரைப் பார்த்துவிட்டாள். அவள் கையில் எடுத்த புத்தகம் பாதி வழியில் நின்றது. 

"அளவு எடுத்துக்கலாமா குமரேசா?"

குமரேசன் பாதையைக் கடந்து வந்து வாசலில் நின்றுகொண்டார். "எடம் காலி இல்லீங்க."

"இன்னாய்யா? உன் ஷட்டரு, பௌர்ணமி கழிஞ்சா எனக்குன்னு நீதானே சொன்ன?"

"நேத்து வரைக்கும் என் ஷட்டரு. இது என் தங்கச்சி கடைங்க."

மலர்விழி தலையை நிமிர்த்தவில்லை. நின்றுபோன புத்தகத்தை உரியவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்து நின்றவரிடம், "உங்களுக்கு இன்னா வேணுங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தச் செருப்புக் கதை இன்னும் ஒன்றாவது இருக்கிறதா என்றுதான் கேட்டார்.